அணுவுக்கு மோட்டார் எங்கே என்று கேட்டவனுக்கு

மாப்ள,

போன வாரம் வியாழக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஒரு மூடியைக் கழற்றினேன். உள்ளேயிருந்து உன் கடை வாசனை வந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நீ விரலால் வழித்து அப்பிய கிரீஸ் காய்ந்து, கருப்பட்டிப் பாகு மாதிரி இறுகிக் கிடந்தது. வாசனை மட்டும் அப்படியே இருந்தது. அல்லிநகரத்தில் உன் வெல்டிங் கடைக்குள் கால் வைத்ததும் மூக்கில் ஏறுமே, இரும்புத்தூளும் பெயிண்டும் புகையும் கலந்த நெடி, அதுவேதான். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். நான் தும்மல் வருகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எந்த மூடி என்று உனக்குத் தெரிந்திருக்கும். நீ எங்கள் பள்ளிக்குச் செய்துகொடுத்த கார்பன் அணு. அடியில் கனத்த இரும்புத் தகடு, அதற்குக் கீழே லாரி வைப்பர் மோட்டார், நடுவில் சிவப்பும் நீலமுமாகப் பன்னிரண்டு இரும்புக் குண்டுகள் ஒட்டிய உருண்டை, அதைச் சுற்றி இரண்டு கம்பி வளையங்கள், வளையங்களில் மஞ்சள் பெயிண்ட் அடித்த ஆறு சின்னக் குண்டுகள். சுவிட்சைப் போட்டால் மஞ்சள் குண்டுகள் கிறுகிறுவென்று சுற்றும். ஒன்பது வருடம் அதைக் காட்டித்தான் நான் அணுவைப் பற்றிப் பாடம் நடத்தினேன். மூன்று வருடத்துக்கு முன்னால் மோட்டார் இறுகிவிட்டது. நானும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

இந்த வருடம் புதிதாக வந்திருக்கும் தலைமையாசிரியை அலமாரிகளைத் திறந்து பார்க்கிற ஆள். "சார், அடுத்த புதன்கிழமை தேனியில கண்காட்சி. இந்தச் சுத்துற அணுவை ரெடி பண்ணிருங்க. பாக்குறவுக அசந்துபோகணும்" என்று சொல்லிவிட்டார். அதற்காகத்தான் அந்த மூடியைக் கழற்றினேன். கழற்றிய பிறகு கந்தல் துணியால் அந்தக் கிரீஸை மட்டும் துடைத்து எடுத்தேன். மோட்டாரைச் சரிசெய்வது பெரிய காரியமில்லை. அதைச் சரிசெய்யலாமா என்பதுதான் என் கவலை. அந்தக் கவலையை யாரிடம் சொல்வது? உன்னிடம்தான்.

நாம் அனுமந்தன்பட்டியில் ஒரே பெஞ்சில் பத்தாவது வரைக்கும் உட்கார்ந்தவர்கள். கணக்கில் நீ என்னைவிடக் கெட்டிக்காரன். அதை நான் யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை, இப்போது ஒத்துக்கொள்கிறேன். நீ ஐடிஐயில் வெல்டிங் படிக்கப் போனாய். நான் கல்லூரிக்குப் போய் இயற்பியல் வாத்தியார் ஆனேன். நீ அல்லிநகரத்தில் கடை போட்டாய். சித்திரை பிறந்துவிட்டால் உன்னைக் கடையில் பார்க்க முடியாது. வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்து இறங்குகிற ராட்டினங்களுக்குப் பேரிங் பார்க்க, வெல்டிங் வைக்க உன்னைத்தான் கூப்பிடுவார்கள். சுற்றுகிற எந்தச் சாமானைக் கண்டாலும் காதைக் கொடுத்துக் கேட்பாய். எங்கே தேய்கிறது, எதனால் தேய்கிறது என்று சொல்லிவிடுவாய்.

அப்பேர்ப்பட்டவனிடம் போய் நான் சுற்றுகிற அணு ஒன்று வேண்டுமென்று கேட்டேன் பார். முடிந்ததும் என்னை வரச்சொல்லிச் சுவிட்சைப் போட்டுக் காட்டினாய். சுற்றியது. சுவிட்சை நிறுத்தினாய். மெதுவாகத் தளர்ந்து நின்றது. நீ அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாய்.

"ஏலே, நெசமான அணுவுல மோட்டார் எங்கன இருக்கு?"

"மோட்டாரெல்லாம் கெடையாது. தானாச் சுத்தும்."

"தானாச் சுத்துமா? நான் ராட்டினத்துக்குள்ளயே கெடக்குறவன்டா. கரண்ட்டை நிறுத்துனா எல்லாம் நிக்கும். தானாச் சுத்துறது ஒண்ணைக் காட்டு பாப்போம்."

"நிலா சுத்தலையா?"

நீ பேச்சை விட்டுவிட்டாய். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மறுநாள் காலையில் போன் அடித்தது. வணக்கம் நல்லாயிருக்கியா எதுவும் கிடையாது.

"நிலாவுல கரண்டு இல்லடா. உன் எலக்ட்ரான்ல கரண்டு இருக்குன்னு நீதானே சொன்ன? நான் இங்கன வெல்டு வச்சா பக்கத்து டீக்கடை ரேடியோ கரகரங்குது. அப்ப கரண்டு ஆடுனா அதுல இருந்து என்னமோ ஒண்ணு வெளிய போகுதுல்ல? போனா கொறையும்ல? கொறைஞ்சா சுத்துறது தளந்து நடுவுல போயி விழுந்துரும்ல?"

மாப்ள, அன்றைக்கு நீ கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்று எனக்குத் தெரியும். கல்லூரியில் எனக்குப் பாடமாக வந்த கேள்விதான் அது. மின்னூட்டம் உள்ள ஒரு பொருள் வளைந்து வளைந்து ஓடினால் ஆற்றலை வெளியே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி விட்டால் எலக்ட்ரான் கண் இமைப்பதற்குள் அணுக்கருவில் போய் விழுந்திருக்க வேண்டும். உலகத்தில் ஓர் அணுகூட மிஞ்சியிருக்காது. பெரிய பெரிய ஆட்களெல்லாம் இதில் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார்கள். பரீட்சைக்காக மூன்று வரியில் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு நான் அதை மறந்திருந்தேன். நீ ஒரு டீக்கடை ரேடியோவை வைத்துக்கொண்டு அதே இடத்துக்கு வந்து நின்றாய். "அதெல்லாம் பாடத்துல இல்ல மாப்ள" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அந்த வருடக் கண்காட்சிக்கு நீயும் வந்தாய். தேய்த்த சட்டை போட்டு, உன் மனைவியையும் கூட்டிக்கொண்டு. தங்கச்சி அந்தப் பச்சைச் சேலையில் வந்திருந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சிறப்பு விருந்தினர் நம் அணுவைப் பார்த்துக் கைதட்டினார். நான் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது பின்னாலிருந்து, "மோட்டார் இல்லாம அது எப்படி விழாம நிக்குதுன்னு சாருக்குச் சொல்லு மாப்ள" என்றாய். குறும்பாகத்தான் சொன்னாய். உண்மையிலேயே தெரிந்துகொள்ளவும்தான் கேட்டாய்.

எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. "நீ வெல்டிங்கைப் பாரு. பாடத்தை நாங்க பாத்துக்குறோம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை.

நீ என்னோடு சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. அடுத்த வாரமே கூடலூரிலிருந்து பன்னீர் திராட்சை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். என் மகள் கல்யாணத்துக்குப் பந்தல் ஆணி வரைக்கும் நீதான் பார்த்தாய். எல்லாம் பழையபடியே இருந்தது. ஒன்று மட்டும் இல்லை. அதற்குப் பிறகு நீ என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. இடி எப்படி இடிக்கிறது, காந்தம் ஏன் பித்தளையைப் பிடிக்கவில்லை என்று டீ ஆறுகிற வரைக்கும் என்னைக் குடைந்தெடுத்த ஆள், ஒன்பது வருடம் மழையையும் விலைவாசியையும் பற்றியே பேசினாய். அது எனக்கு உறைக்கவே நாலைந்து வருடம் ஆகிவிட்டது. உறைத்த பிறகும் வெட்கத்தில் சும்மா இருந்தேன்.

உன் நுரையீரலில் கோளாறு என்று டாக்டர்கள் சொன்ன பிறகுதான் பயம் வந்தது. பழைய கல்லூரிப் புத்தகங்களைத் தேடி எடுத்தேன். புரியாத பக்கங்களை மறுபடி மறுபடி படித்தேன். ஐம்பது வயதில் ஒரு மனிதன் பேப்பர் பென்சிலோடு உட்கார்ந்து கணக்குப் போடுவதைப் பார்த்து வீட்டில் கேலி செய்தார்கள். உன்னிடம் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பதில் வேண்டும், அவ்வளவுதான்.

அந்தச் சித்திரையில் தங்கச்சி உனக்காக வேண்டிக்கொண்டு, வீரபாண்டி அம்மன் கோயிலில் திருவிழாவுக்கு நடுகிற திருக்கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற வந்தது. நாம் மூன்று பேரும்தான் போனோம். முல்லையாற்றில் முங்கி, ஈரச் சேலையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு தங்கச்சி கூட்டத்துக்குள் போய்விட்டது. உன்னால் அந்த நெரிசலில் மூச்சு விட முடியாது. நாம் இருவரும் வேப்பமர நிழலில் ஒரு கடைக்காரர் கொடுத்த ஸ்டூலில் உட்கார்ந்தோம். ராட்டினங்கள் தூரத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. நீ வழக்கம்போல் காதைக் கொடுத்தாய். "ரெண்டாவதுல பேரிங் அழுவுது" என்றாய்.

"மாப்ள, அது சுத்தலடா" என்றேன்.

"நல்லாத்தானே சுத்துது?"

"ராட்டினத்தைச் சொல்லல. எலக்ட்ரானைச் சொல்றேன். அது சுத்தவே இல்ல. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். ஒன்பது வருடம் கழித்து நடுவிலிருந்து ஆரம்பித்த பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டாய். "அப்ப என்னாதான் செய்யுது?"

"தடம் போட்டு ஓடல. கருவைச் சுத்தி எல்லாப் பக்கமும் பரவிக் கெடக்குது. கரு இழுக்குது, இதுவும் கிட்ட போகப் பாக்குது. ஆனா அதைச் சின்ன எடத்துல அடைக்க அடைக்க அதோட துடிப்பு கூடுது. துடிப்பு கூடக் கூட வெளிய விரியுது. இழுப்பும் துடிப்பும் எங்கன சரிக்குச் சரியா வருதோ, அங்கன நிக்குது. அதுக்குக் கீழ எறங்கப் படியே கெடையாது. எறங்க எடம் இல்லாததால வெளிய விடுறதுக்கும் ஒண்ணுமில்ல."

திருக்கம்பத்தைச் சுற்றி நிற்கிற கூட்டத்தையே பார்த்தாய். எல்லோருக்கும் கம்பத்தின் பக்கத்தில் போக ஆசை. போய் நெருங்கினால் இடிபட்டு முட்டிமோதிப் பின்னால் வருகிறார்கள். "அந்தா, அது மாதிரியா?" என்றாய்.

"கிட்டத்தட்ட. ஆனா இங்கன ஒருத்தரை ஒருத்தர் தள்ளுறாக. அங்கன ஒரே ஒரு எலக்ட்ரான் இருந்தாலும் இதே கதைதான்."

"ஒத்த ஆளுக்கே எடம் பத்தலையா?"

"அதோட கொணம் அப்படி."

"எங்க வீட்டுலயும் அப்படி ஒரு ஆளு இருக்கு" என்று கூட்டத்துக்குள் தங்கச்சியைத் தேடியபடி சிரித்தாய். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நான் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டு அடுத்த கேள்விக்கு வந்தாய். "நடுவுல இருக்குற புரோட்டான் மட்டும் எப்படி அம்புட்டு சின்ன எடத்துல அடங்கி இருக்கு?"

"அது கனம். எலக்ட்ரானைவிட ஆயிரத்து எண்ணூறு மடங்குக்கு மேல."

"கனமானவனுக்குத்தானேடா பெரிய எடம் வேணும்?"

"அங்கன தலைகீழு. கனமானது சின்ன எடத்துலயே அடங்கிரும். லேசானதுதான் துடிச்சுத் துடிச்சு ஊரையே அடைச்சுக்கும்."

"அதான் கனமானது உள்ள, லேசானது வெளியவா? சரி, ஆறு எலக்ட்ரானும் கிட்ட வரத்தானே பாக்கும்? எதுக்கு ரெண்டை மட்டும் உள் வளையத்துல வைக்கச் சொன்ன?"

"ஒரு எடத்துல ரெண்டுக்கு மேல நிக்க முடியாது. அது ஒரு விதி."

"பொட்டிக்கு ரெண்டு பேரு" என்றாய் நீ, யோசிக்காமலே. ராட்டினப் பெட்டியில் இரண்டு பேருக்கு மேல் ஏறினால் நீ குறுக்குக் கம்பியைப் போடவே விடமாட்டாய். "கிட்ட இருக்குற பொட்டி நெறைஞ்சா, தள்ளி இருக்குற மத்த பொட்டிகளுக்குத்தான் போகணும். அம்புட்டுத்தானே?"

அம்புட்டுத்தான் மாப்ள. அந்த விதி மட்டும் இல்லையென்றால் எல்லா எலக்ட்ரான்களும் கருவை ஒட்டிச் சுருண்டுகொள்ளும். உப்பு உப்பாக இருக்காது, இரும்பு இரும்பாக இருக்காது. இதை நான் வகுப்பில் நாற்பது நிமிடம் சொல்லுவேன். நீ மூன்று சொல்லில் முடித்துவிட்டாய்.

எனக்கு அப்போது அழுகை வந்தது, பதில் சொன்ன சந்தோஷத்தில் இல்லை. நீ மறுபடி கேள்வி கேட்டாய் என்பதற்காக வந்தது. "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லிருக்கக் கூடாது" என்றேன். எதை என்று நீ கேட்கவில்லை.

"விடுடா. நீ சொன்னது வலிக்கல. எனக்கு வெளங்காதுன்னு நீ நெனச்சுட்ட பாரு, அதுதான் வலிச்சுச்சு." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாய். உடனே, "சரி, வெளிய இருக்குறவன் கதை முடிஞ்சுச்சு. உள்ள ஆறு ப்ளஸ்ஸு இருக்கு. ப்ளஸ்ஸும் ப்ளஸ்ஸும் தள்ளும்னு நீதானே சொன்ன? அதுக எப்படி ஒண்ணா ஒக்காந்திருக்கு?"

"வலிய விசைன்னு ஒண்ணு இருக்கு..."

"பேரைக் கேக்கலடா. எப்படின்னு கேட்டேன்."

என்னிடம் பெயர்தான் இருந்தது. "படிச்சுட்டு வந்து சொல்றேன் மாப்ள" என்றேன்.

"வெரசா வா" என்றாய். உன் நோயைப் பற்றி நீ என்னிடம் சொன்னது அந்த ஒரு சொல்தான்.

நான் விரைவாக வரவில்லை. படித்தேன், ஆனால் உன் கையில் கொடுக்கிற மாதிரி அதைச் சொல்லத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் தெளிவாகட்டும், இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்று தள்ளிப்போட்டேன். வாத்தியார் புத்தி, அரைகுறையாகச் சொல்லக் கூடாதாம். ஐப்பசி அடைமழையில் நீ போய்விட்டாய். உன்னைத் தூக்கிக்கொண்டு போகும்போது என் சட்டைப்பையில் மடித்து வைத்த ஒரு தாள் இருந்தது. அதில் பாதிப் பதில் எழுதியிருந்தேன். மழையில் அது கூழாகிவிட்டது.

மிச்சப் பாதி போன சனிக்கிழமைதான் கிடைத்தது. எங்கே கிடைத்தது தெரியுமா? உன் கடையில்.

மோட்டாரைச் சரிசெய்ய வேண்டுமா வேண்டாமா என்று முடிவு தெரியாமல், அணுவை ஒரு சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு அல்லிநகரம் போனேன். கடையைத் தங்கச்சிதான் இப்போது நடத்துகிறது. இரண்டு வெல்டர்களை வைத்து கிரில் கேட் வேலை நன்றாகப் போகிறது. தங்கச்சியே கட்டிங் மிஷின் பிடிக்கிறது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். சாக்கைப் பிரித்ததும் தங்கச்சி உருண்டையை முந்தானையால் துடைத்தது.

"இந்த உருண்டைக்கு அவுக பட்ட பாடு எனக்குத்தாண்ணே தெரியும். மூணு நாளு. பன்னெண்டும் பேரிங் குண்டாத்தான் வச்சுப் பாத்தாக. ஒட்டவே இல்ல. பேரிங் குண்டு ரொம்ப இறுக்கம், வெல்டு வச்சா கொஞ்ச நேரத்துல படக்குன்னு விட்டுருது. பெறகு ஆறை எடுத்துட்டு, கேட்டுக்கு வைக்குற சாதா இரும்புக் குண்டு ஆறை நடுநடுவுல வச்சாக. அப்பத்தான் நின்னுச்சு. செவப்புக்குச் செவப்பு ஒட்டாது, ஊடால நீலம் வேணும்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக."

"என்னம்மா சொன்ன?"

"செவப்புக்குச் செவப்பு ஒட்டாதாம். பெயிண்டு அடிக்கும்போது, பேரிங் குண்டுக்கு மட்டும் செவப்பு அடிச்சாக."

நான் உருண்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு புரோட்டான், நீலம் நியூட்ரான். ஆறு சிவப்பு, ஆறு நீலம், கலந்து ஒட்டு என்று மட்டும்தான் நான் உன்னிடம் சொன்னேன். நீ என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று பன்னிரண்டு வருடமாக எனக்குத் தெரியாது. பெயிண்டுக்குக் கீழே என்ன இரும்பு இருக்கிறது என்று நான் எங்கே பார்த்தேன்?

கேள் மாப்ள, உன் இரண்டாவது கேள்விக்குப் பதில். பெயரைச் சொல்லவில்லை, எப்படி என்று சொல்கிறேன். கருவுக்குள் இருக்கும் அந்த விசை காந்தம் மாதிரி தூரத்திலிருந்து இழுக்காது. உன் வெல்டு மாதிரி, தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் மட்டும் பிடிக்கும். பிடித்தால், ப்ளஸ்ஸும் ப்ளஸ்ஸும் தள்ளுகிற தள்ளலைவிடப் பல மடங்கு வலுவாகப் பிடிக்கும். ஆனாலும் இரண்டு புரோட்டான்கள் மட்டும் தனியாகச் சேர்ந்து நிற்பதில்லை. அந்தப் பிடி அவற்றுக்குப் போதவில்லை. ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்தால் நிற்கும். நியூட்ரான் யாரையும் தள்ளாது, தொட்டவர்களை எல்லாம் பிடித்துக்கொள்ளும். ஊடே அது இருந்தால்தான் உருண்டை நிற்கிறது. அணு பெரிதாகப் பெரிதாகத் தள்ளல் கூடும், பிடியோ பக்கத்தில் இருப்பவரோடு முடிந்துவிடும். அதனால்தான் கனமான அணுக்களில் நீலக் குண்டுகள் சிவப்பைவிட அதிகம் வேண்டியிருக்கிறது. இரும்பு ஒட்டுகிற காரணம் வேறு, கரு ஒட்டுகிற காரணம் வேறு என்று வகுப்பில் சொல்லிவிடுவேன். ஆனால் செவப்புக்குச் செவப்பு ஒட்டாது, ஊடால நீலம் வேணும். அதைவிட நல்ல வாக்கியம் எனக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை.

வேப்பமர நிழலில் அந்தக் கேள்வியைக் கேட்டபோது உனக்கு இந்த உருண்டை நினைவில் இருந்ததா? என்னைச் சோதித்தாயா? இருந்தாலும் இருக்கும். நீ அப்படிப்பட்ட ஆள்தான்.

அப்புறம் முடிவெடுக்க எனக்கு நேரம் ஆகவில்லை. "மோட்டாரையும் வளையத்தையும் அறுத்துரும்மா" என்றேன். தங்கச்சிக்கு மனசு வரவில்லை. "அவுக செஞ்சதாச்சேண்ணே" என்றது. மோட்டார் எங்கன இருக்கு என்று நீ கேட்ட கதையை முழுக்கச் சொன்னேன். கண்காட்சியில் நான் சொன்னதையும் சொன்னேன். "அது எனக்கும் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டிங் மிஷினை எடுத்தது. பொறி பறந்தது. வளையங்கள் இரண்டும் கீழே விழுந்தன. மோட்டாரைத் துடைத்து, வேறு எதற்காவது ஆகும் என்று அலமாரியில் வைத்துக்கொண்டது.

தலைமையாசிரியை மிச்சத்தைப் பார்த்ததும் முகத்தைச் சுருக்கினார். "சுத்தாம இருந்தா யாரு சார் நின்னு பாப்பா?" என்றார். "பாக்காட்டிப் போகட்டும் மேடம், தப்பா இருக்கக் கூடாதுல்ல" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பக்கத்தில் ஒரு சார்ட் மாட்டச் சொல்லி விட்டுவிட்டார். நல்ல மனுஷி.

தலைமையாசிரியை சொன்னதுதான் நடந்தது. புதன்கிழமை தேனியில் எங்கள் மேசைக்கு யாரும் வரவில்லை. பக்கத்து மேசையில் எரிமலை கக்கிக்கொண்டிருந்தது, கூட்டமெல்லாம் அங்கே. எங்கள் மேசையில் ஓர் இரும்பு உருண்டை மட்டும். 'இது கார்பன் அணுவின் கரு. இந்த அளவுக்கு இது இருந்தால், எலக்ட்ரான்கள் அரை கிலோமீட்டருக்கு அப்பாலும் பரவியிருக்கும்' என்று பிள்ளைகள் சார்ட்டில் எழுதியிருந்தார்கள். சாயங்காலம் போல, சாமியானா கட்ட வந்த ஆள் ஒருவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே வந்து நின்றார். தகட்டுக்கு அடியில் அறுந்து தொங்குகிற வயரைப் பார்த்தார்.

"இதுல மோட்டார் இருந்துச்சா சார்?"

"இருந்துச்சு. எடுத்துட்டேன். அணு அப்படிச் சுத்துறது இல்ல."

"அப்ப இத்தன வருசமாத் தப்பாவா சொல்லிக் குடுத்தீக?"

சரியாக அந்த நேரத்தில் சிறப்பு விருந்தினர் நாலு பேரோடு வந்துகொண்டிருந்தார். தலைமையாசிரியையும் கூட இருந்தார். எல்லோர் காதிலும் விழுந்தது. என் காது சூடாகிவிட்டது மாப்ள. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எந்த வார்த்தை என் வாயில் வந்ததோ, அதே மாதிரி ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பொய் சொல்லவில்லை, வந்தது.

"ஆமாங்க, தப்பாத்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றேன். "ஒரு வெல்டர் அப்பவே கேட்டாரு. எனக்குப் பதில் தெரியல. அவரை எல்லாரு முன்னாடியும் மட்டம் தட்டிட்டேன்." பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டேன். "ஒக்காருங்க, சொல்றேன்."

சிறப்பு விருந்தினருக்கு நேரமில்லை, தலையாட்டிவிட்டு எரிமலைப் பக்கம் போய்விட்டார். சாமியானாக்காரர் உட்கார்ந்தார். என் வகுப்புப் பிள்ளைகளும் கிட்டே வந்து நின்றார்கள். அரை மணி நேரம் சொன்னேன். பெட்டிக்கு இரண்டு பேர் என்பதையும் சொன்னேன், செவப்புக்குச் செவப்பு ஒட்டாது என்பதையும் சொன்னேன். அவர் குனிந்து உருண்டையில் சிவப்பும் நீலமும் சேர்கிற இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"நல்ல வெல்டு சார். யாரு வச்சது?"

"என் மாப்ள" என்றேன்.

பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. உருண்டை இப்போது ஆய்வக மேசையில் இருக்கிறது. பிள்ளைகள் போகிற போக்கில் தூக்கிப் பார்க்கிறார்கள். நேற்றுப் பாடம் முடிந்ததும் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "சார், நியூட்ரான் தனியா வெளிய இருந்தா கொஞ்ச நேரத்துல சிதைஞ்சு போயிருமாமே. கருவுக்குள்ள இருந்தா மட்டும் எப்படி அப்படியே இருக்கு?" நான் ஏதோ ஒரு பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

"எப்படின்னு எனக்குச் சரியாச் சொல்லத் தெரியலம்மா. படிச்சுட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

இந்த முறை முழுக்கத் தெளிவாகட்டும் என்று காத்திருக்கப்போவதில்லை. பாதி கிடைத்தாலும் நாளைக் காலையில் அந்தப் பாதியைச் சொல்லிவிடுவேன். இந்தக் கடிதத்தை இத்தோடு நிறுத்துகிறேன் மாப்ள, பக்கத்திலேயே புத்தகம் திறந்து கிடக்கிறது. வெரசாப் படிக்கணும்.